‘ஃப்ரீசர்ல இருக்கேன்’ என்ற நிஷா அக்கா

கோல்ட் ரூமுக்குள் ஃபோன் சிக்னல் வராது. அன்று காலை தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு மீன்கடைக்காரரின் கோல்ட் ரூமில் நின்று ஃபேன் மோட்டாரை மாற்றிக்கொண்டிருந்தேன். வேலை முடித்து, கனமான கதவைத் தள்ளி வெளியே வந்ததும் சட்டைப்பையில் ஃபோன் அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. விரல்கள் மரத்துப்போயிருந்ததால் திரையும் திறக்கவில்லை. திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தி இப்படிக் கூட்டமாக வராது.

முதலில் இருந்தது இஸ்மாயில் அண்ணன் அனுப்பியது. “நிஷா போயிட்டாங்க தம்பி. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.” அவ்வளவுதான். அதற்குக் கீழே மற்றவர்களின் இரங்கல்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

“என்ன தம்பி, மோட்டார் ஓடுதா?” என்று மீன்கடைக்காரர் கேட்டார். ஓடுகிறது என்றேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முழுப்பெயர் ரஹ்மத் நிஷா. கோல்ட் ரூம், ஃப்ரீசர், ஐஸ் மிஷின் பழுதுபார்க்கும் எங்கள் சிறிய நிறுவனத்தில் சர்வீஸ் சூப்பர்வைசர். பிடோக்கில் வீடு. கணவர் இஸ்மாயில் அண்ணன் பஸ் ஓட்டுகிறார். மகள் சாரா தொடக்கநிலை ஆறாம் வகுப்பு. மகன் இம்ரான் தொடக்கநிலை ஒன்று. அக்காவுக்கு நாற்பத்தொரு வயதுதான் ஆகியிருந்தது. தெரிந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது சிரிப்பை முதலில் சொல்வார்கள். நான் சத்தத்தைச் சொல்வேன். ஐஸ் கடிக்கிற சத்தம்.

பாலிடெக்னிக் முடித்து, தேசிய சேவையும் முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வேனில் என் பக்கத்து இருக்கையில் அக்கா. கையில் காப்பிக்கடையில் வாங்கிய கப். உள்ளே பானம் எதுவும் இல்லை, வெறும் ஐஸ்கட்டி. ஒவ்வொன்றாக வாயில் போட்டு நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டே வந்தார். சிராங்கூன் ரோட்டு நெரிசலில் அது என் மண்டைக்குள் கேட்டது.

“அக்கா, பல்லு போயிடும்.”

“போகட்டும். உனக்கென்ன, நீயா கட்டித் தரப் போற?”

அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. எனக்குப் பொறுமை கிடையாது. அவருக்கு என் பொறுமையின்மை வேடிக்கை.

அன்று போன இடம் பஃபலோ ரோட்டில் ஓர் இறைச்சிக்கடை. கோல்ட் ரூம் குளிரவில்லை என்று புகார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த அக்கா உள்ளேகூடப் போகவில்லை. ஃபேன் முகத்தை அடைத்து, கூரை வரைக்கும் பெட்டி அடுக்கியிருந்தார்கள். குளிர்காற்று வெளியே வர வழியே இல்லை.

“அண்ணே, மூக்கைப் பொத்திட்டு மூச்சு விடுன்னா எப்படி விடும்?” என்று கடைக்காரரைப் பிடித்தார். “இது மிஷின் கோளாறு இல்ல. உங்க ஆசைக் கோளாறு. பாதியத் தூக்குங்க.” பாதியைத் தூக்கினார்கள். அறை குளிர்ந்தது.

எங்கள் தொழிலில் இன்னொரு விஷயம் உண்டு. இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். ஃப்ரீசருக்குள் இருக்கும் குளிர்க்குழாய்ச் சுருளில், அதாவது காயிலில், பனி படியும். அதை உருக்க, மிஷின் தானாகவே நாளில் சில தடவை உள்ளே சூடேற்றும். அதுதான் டிஃப்ராஸ்ட். அந்த நேரத்தில் வெப்பநிலை ஏறும், அலாரம் அடிக்கும், புதிதாகக் கடை வைத்தவர் பதறிப்போய் ஃபோன் செய்வார். அக்கா பதறமாட்டார். “டிஃப்ராஸ்ட் லா. அரை மணி நேரம் பாருங்க, தானா இறங்கிடும்” என்பார். இறங்கிவிடும். பத்தில் ஒன்பது தடவை இறங்கிவிடும். அதனால்தான் எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி. அலாரம் அடித்தால் காதில் விழும், மனதில் விழாது.

இனி ஐஸ்கிரீம் கதை.

அக்காவுக்கு நேரங்கெட்ட வேலை. எந்தக் கடையில் எப்போது மிஷின் நிற்கும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் அனேகமாக யாரும் இருக்கமாட்டார்கள். சாரா சாவி போட்டுத் திறப்பாள், தம்பியை உள்ளே விடுவாள், அம்மாவுக்கு ஃபோன் செய்வாள். ஒரு மதியம் நாங்கள் தெம்பனிஸில் ஒரு கூரைமேல் நின்றிருந்தபோது அந்த ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் இம்ரானின் அழுகை.

“அம்மா, வீட்ல யாருமே இல்ல.”

“அக்கா இருக்காள்ல?”

“அக்கா யாருமே இல்ல!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அச்சுகளும் குச்சிகளும் வாங்கினார். வரும் வாரத்துக்கான ஐஸ் அன்றே தயாரானது. ரோஸ் சிரப் ஊற்றிய பண்டுங், கெட்டித் தேங்காய்ப்பாலில் குலா மெலாக்கா என்கிற பனைவெல்லம், மாம்பழம், மைலோ. அச்சு தீர்ந்தால் நீளமான பிளாஸ்டிக் பையில் ஊற்றி நுனியைக் கட்டுவார். பள்ளிவிட்டு வந்ததும் பிள்ளைகள் முதலில் ஃப்ரீசரைத் திறக்க வேண்டும். உள்ளே தங்களுக்கென்று ஒன்று இருக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

“எதுக்குக்கா இந்த வேலை? கீழ கடையில கிடைக்கும். ரெண்டு நிமிஷம்” என்றேன்.

“கடையில கிடைக்கிறது ஐஸ்கிரீம். இது நான்.” கொஞ்சம் நிறுத்தி, சாதாரணமாகச் சொன்னார்: “நான் வீட்டுல இல்லாட்டி என்ன, ஃப்ரீசர்ல இருக்கேன்.”

அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. “இப்படிப் பேசாதீங்க, கேட்கவே நல்லா இல்ல” என்றேன். அவர் ஒரு ஐஸ்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

எப்போது செய்வார் என்று கேட்டால், மற்ற வேலைகளுக்கு நடுவில். ஒரு அடுப்பில் குழம்பு, மறு அடுப்பில் பால் சுண்டும், தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோன் இருக்கும். ஒருமுறை ஓர் உணவகக்காரர் ஐஸ் மிஷின் நின்றுவிட்டதென்று அழைத்திருக்கிறார். அக்கா அவரிடம் எல்லாம் விசாரித்துவிட்டு, “சரி, அடி பிடிக்காம கிளறிக்கிட்டே இருங்க, இதோ வர்றேன்” என்று வைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் என்னிடம் மெல்லக் கேட்டார்: “தம்பி, எதைக் கிளறணும்னு அம்மா சொல்லல.” மாதக்கணக்கில் ஆபீசில் இதைச் சொல்லிச் சிரித்தோம். “கிளறிட்டியா?” என்பதுதான் எங்கள் காலை வணக்கம்.

நான் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தேன். அவர் செய்தது பல்லில் மணல்போல நெருடியது. மெதுவாக உறைந்தால் பனித்துகள் பெரிதாக வளரும். வேகமாக உறைந்தால் சிறிதாகவே நின்றுவிடும். “முதல்ல அலுமினியத் தட்டுல பரப்பி, ஒண்ணு மேல ஒண்ணு படாம வைங்க. நல்லா உறைஞ்ச பிறகு அடுக்குங்க. பதினெட்டு வருஷமா ஊருக்கெல்லாம் காத்தோட்டம் சொல்றீங்க, வீட்டுல செய்ய மாட்டீங்களா?” அவர் முறைத்தார். அடுத்த வாரம் எனக்கென்று ஒரு குலா மெலாக்கா கொண்டுவந்தார். நெருடவே இல்லை. “எப்படி?” என்றார். “பரவாயில்ல” என்றேன். அதற்குமேல் புகழ எனக்கு வராது என்று அவருக்குத் தெரியும்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் நான் கவனித்தேன். காப்பிக்கடைக் கப் இப்போது பெரிய கப். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கூரைக்கு ஏறும் இரும்பு ஏணியில் பாதியில் நின்று, ஏதோ ஃபோன் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவார். முகத்தில் ரத்தம் இல்லை. உதடு அரிசி கழுவிய நீர் நிறம்.

“அக்கா, கிளினிக் போங்க.”

“டிஃப்ராஸ்ட் டா. அரை மணி நேரத்துல இறங்கிடும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். ஆனால் அடுத்த வாரமும் அதையே சொன்னார், அதற்கடுத்த வாரமும். பிறகு நோன்பு மாதம் வந்தது. இப்போது அவருக்குக் காரணம் தயாராகக் கையில் இருந்தது. “நோன்புல எல்லாருக்கும் இப்படித்தான். உனக்கு என்ன தெரியும், நீ மூணு வேளையும் சாப்பிடுறவன்.” ஒரு நாள் வேனிலேயே நோன்பு திறந்தார். வழக்கப்படி ஒரு பேரீச்சம்பழம். அதை விழுங்கியும் விழுங்காமலும் கை ஐஸ் கப்புக்குப் போனது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். தாகம் தீர்க்கிற முகம் இல்லை அது. எனக்கு என்னவோ செய்தது. என்னவென்று அப்போது தெரியவில்லை.

பெருநாள் வந்தது, போனது. நோன்பு முடிந்தும் மூச்சுவாங்கல் முடியவில்லை. “இப்ப என்ன சொல்றீங்க?” என்று கேட்டேன். நான் தினமும் கேட்டேன். ஆபீசில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். “இவன் என் மாமியாரா?” என்றார். கடைசியில் என் நச்சரிப்பு தாங்காமல் ஒரு நாள் கிளினிக் போனார். ரத்தப் பரிசோதனை என்றார். அப்புறம் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றினார். மே மாத முடிவில் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். பள்ளி விடுமுறை, பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்றார். பதினெட்டு வருடத்தில் அப்படி அவர் விடுப்பு எடுத்ததே இல்லை.

ஜூன் மாத நடுவில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் அழைத்தார். “தினேஷ், வீட்டு ஃப்ரீசர் குளிர மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரு.”

நான் டூல் பாக்ஸோடு போனேன். பிள்ளைகள் மதரஸாவுக்குப் போயிருந்தார்கள். இஸ்மாயில் அண்ணன் வேலையில். சமையலறை முழுக்கப் பால் சுண்டிய வாசனை. மாம்பழத்தோல் மலைபோல். மூலையில் ஆளுயர ஃப்ரீசர், அலாரம் கூவிக்கொண்டிருந்தது. அக்கா அதை அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கதவைத் திறந்தேன். மிஷினைச் சோதிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அடியிலிருந்து உச்சி வரை ஐஸ். ஒரு விரல் நுழைய இடமில்லை. தட்டுகளை எடுத்துவிட்டுக் குச்சி ஐஸை விறகுபோல அடுக்கியிருந்தார். பின்சுவரில் குளிர்காற்று வரும் வாயை நீளமான ஐஸ் பைகள் முழுதாக அடைத்திருந்தன.

“யாருக்குக்கா இவ்வளவு?”

“பிள்ளைங்களுக்கு லா. வேற யாருக்கு.”

“ரெண்டு பிள்ளையா, ரெண்டு பள்ளிக்கூடமா?”

 என் கை குளிரவில்லை, ஆனால் முதுகு குளிர்ந்தது. காற்றுவாயை அடைக்கக்கூடாது என்று தெரியாதவன் அடைத்தால் அது மிஷின் விஷயம். அதற்காக ஊரையே திட்டும் ஒருவர் தன் கையால் அடைத்தால், கோளாறு மிஷினில் இல்லை.

“அக்கா, டாக்டர் என்ன சொன்னாரு?”

அவர் தரையைப் பார்த்தார். “முதல்ல கேட்ட கேள்வி என்ன தெரியுமா? ஐஸ் கடிப்பீங்களான்னு. ஆச்சரியமாப் போச்சு. எப்படி டாக்டர் தெரியும்னு சிரிச்சேன். அவரு சிரிக்கல. உடம்புல இரும்புச்சத்து தீர்ந்துட்டா சிலருக்கு அப்படித் தோணுமாம். ரத்தம் எங்கயோ உள்ள ஒழுகிட்டே இருந்திருக்கு. குடல்ல கட்டி.”

அலாரம் இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

“எப்ப அட்மிட் ஆகச் சொன்னாங்க?”

“போன வாரம்.”

“போகலையா?”

“அதுக்கு முந்தின வாரமும் சொன்னாங்க. அப்பவும் தள்ளிப் போட்டேன். லீவு முடியட்டும் டா. பள்ளிக்கூடம் திறந்தா பிள்ளைங்க மத்தியானம் வந்து இதைத் திறப்பாங்க. உள்ள ஒண்ணும் இல்லாம இருக்கக் கூடாது. சாராவுக்குப் பரீட்சை வருஷம். நான் எத்தனை நாள் படுத்துக் கிடப்பேனோ. யார் செய்வா? அவரு சோத்தையே குழைச்சு வைப்பாரு.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“ரத்தக்குறைவுன்னு சொல்லியிருக்கேன்.”

எனக்குக் கோபம் வந்தால் நாசூக்கு வராது. “லூசாக்கா நீங்க?” என்றேன். டூல் பாக்ஸை ஓரமாக வைத்தேன். ஃப்ரீசரிலிருந்து இரு கையாலும் அள்ளி அள்ளி ஐஸை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். பண்டுங், மாம்பழம், மைலோ எல்லாவற்றையும். சமையலறை டைல்ஸ் மேல் குவியல் உயர்ந்தது.

“டேய், என்ன பண்ற? உருகிடும்!”

“உருகட்டும். அட்மிட் ஆகுறேன்னு அண்ணனுக்கு ஃபோன் பண்ணுங்க. இப்பவே. என் முன்னாடி. அப்பத்தான் திருப்பி வைப்பேன்.”

“விளையாடாத.”

“நான் எப்ப விளையாடியிருக்கேன்?”

அவர் எழுந்து வந்து குனிந்தார். ஒரு கைப்பிடி ஐஸை எடுத்து உள்ளே வைத்தார். இரண்டாவது கைப்பிடிக்குக் குனிந்தவர் நிமிர முடியாமல் ஃப்ரீசர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். வெளியே பிடோக் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. குவியலின் அடியிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு கோடு கிளம்பி மெதுவாக அவர் பாதத்தை நோக்கி ஓடியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நகரவில்லை.

பிறகு ஃபோனை எடுத்தார்.

“என்னங்க, எங்க இருக்கீங்க? டிப்போக்கு வந்துட்டீங்களா? இல்ல, பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க வீட்டுக்கு வாங்க. இப்பவே வாங்க.”  ஃபோனை என்னிடம் நீட்டினார். மீதியை நான் சொன்னேன்.

முழுதாக உருகாதவற்றையெல்லாம் திரும்ப அடுக்கினேன், இந்த முறை காற்றுக்கு வழிவிட்டு. மிஞ்சியதைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பாதி உருகி மறுபடி உறைஞ்சது கரகரன்னு இருக்கும். பிள்ளைங்க கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன்.”

திங்கட்கிழமை சேர்த்தார்கள். அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டி அவர் நினைத்ததைவிட, ஏன், மருத்துவர்கள் நினைத்ததைவிடவும் தூரம் போயிருந்தது. அந்த இரண்டு வாரத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன், மருத்துவரும் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. பிறகு நோய்த்தொற்று, காய்ச்சல். காய்ச்சல் குறையும், ஏறும். குறையும், ஏறும். பார்க்கப் போன ஒவ்வொரு முறையும் படுக்கையைச் சுற்றி ஒரு மிஷின் கூடியிருந்தது. எல்லாவற்றிலும் எண்கள். எண்களைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது பெரிய தண்டனை.

கடைசியாகப் பேசிய நாளில் அவர் கேட்டது ஒன்றுதான். “பிள்ளைங்க சாப்பிடுறாங்களா?”

சோறு பற்றிக் கேட்கவில்லை என்று தெரியும். உண்மையைச் சொன்னேன். பள்ளி திறந்துவிட்டது. பிள்ளைகள் தினமும் வந்து ஃப்ரீசரைத் திறக்கிறார்கள், பார்க்கிறார்கள், மூடிவிடுகிறார்கள். சாரா யாரையும் தொடவிடவில்லை. “அம்மா வந்த பிறகு சேர்ந்து சாப்பிடலாம்” என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

 “அதுக்காகவா செஞ்சேன்?” என்றார் அக்கா. “நான் இல்லாதப்ப சாப்பிடத்தானே செஞ்சேன்.” பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, மாலையில் மற்ற ஆண்களோடு நானும் பிடோக் வீட்டுக்குப் போனேன். வீடு நிறைய உறவினர்கள். ஹாலில் குர்ஆன் ஓதும் குரல். பெரியவர்களின் காலுக்கிடையில் ஒரு பட்டாளம் சின்னப் பிள்ளைகள், பசி, புழுக்கம், என்ன நடக்கிறதென்று புரியாத எரிச்சல். ஒரு குழந்தை அழத் தொடங்க, இன்னொன்று சேர்ந்துகொண்டது.

சாரா எழுந்தாள். சமையலறைக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். அழுத குழந்தையின் கையில் ஒரு மாம்பழ ஐஸைக் கொடுத்தாள். அப்புறம் அடுத்த குழந்தைக்கு. அப்புறம் பிள்ளைகள் வரிசைகட்டி நின்றார்கள்.

உறவுக்கார மாமி ஒருவர் பதறினார். “வேணாம் புள்ள, அது உங்கம்மா உங்களுக்குன்னு செஞ்சது. வச்சுக்கோ.”

“வச்சுக்கிட்டாலும் அம்மா வர மாட்டாங்க மாமி,” என்றாள் அவள். “தம்பி, தட்டைக் கொண்டா.”

இம்ரான் தட்டில் அடுக்கி ஹாலுக்குக் கொண்டுபோனான். ஓதி முடித்த பெரியவர்களுக்கும் நீட்டினான். தாடி வைத்த மனிதர்கள் தர்மசங்கடமாக எடுத்துக்கொண்டார்கள். அண்டை வீட்டுச் சீன மூதாட்டி இரு கையால் வாங்கினார். எனக்கு மைலோ வந்தது. தின்றேன். ஒரு பெண் தன் உயிரின் வாரங்களைக் கொடுத்து நிரப்பிய ஃப்ரீசர், ஒரு மாலைப்பொழுதில், பெயர்கூடத் தெரியாத பிள்ளைகளின் வாயில் கரைந்துகொண்டிருந்தது. முதலில் எனக்கு நெஞ்சு எரிந்தது. பிறகு அந்த வீட்டில் குழந்தைகள் அழுவது நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன்.

கடைசி ஐஸை இம்ரான் தன் அப்பாவிடம் கொண்டுபோனான். இஸ்மாயில் அண்ணன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் வாங்கினார். வாயில் வைக்கவில்லை. ரோஸ் நிறம் குச்சி வழியாக இறங்கி அவர் விரல்களை நனைத்து, மண் ஒட்டிய வெள்ளைச் சட்டையின் கைப்பகுதிக்குள் போனது.

“அத்தா, சீக்கிரம் சாப்பிடுங்க,” என்றான் பையன். “உருகுது.”

அவர் சாப்பிட்டார்.

நிஷா அக்கா, உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய சர்வீஸ் ரிப்போர்ட் இவ்வளவுதான். ஒன்றுகூட மீதமில்லை. எல்லாரும் சாப்பிட்டார்கள். உங்கள் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் இறங்கவில்லை. அது என் கணக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் ஓய்வெடுங்கள்.